ஏகாம்பரத்தின் புது ஈறு

எனக்கு முகம் மறந்துபோகும், ஈறு மறக்காது. போன மாதம் ஆனேக்கல்லில் ஹோசூர் பஸ் ஏறியபோது, பக்கத்து சீட்டுப் பெண்மணி என்னைப் பார்த்து, "மேடம், என்னைத் தெரியலையா?" என்று கேட்டார். தெரியவில்லை. அசடு வழியச் சிரித்துவைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார். "அட நீங்களா! கீழ் வரிசை, வலது கடைவாய்! இப்ப ரத்தம் நின்னுடுச்சா?" என்று நான் கூவியது டிரைவர் வரைக்கும் கேட்டுவிட்டது. அந்த அம்மாள் ஹோசூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெங்களூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஈறு நோய்ப் பிரிவில் ஹைஜீனிஸ்ட்டாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். ஹைஜீனிஸ்ட் என்றால் பல்லிலும் ஈறுக்கு அடியிலும் படிந்திருக்கும் காரையைச் சுரண்டி எடுத்து, வந்தவருக்கு ஒழுங்காகப் பல் விளக்கச் சொல்லிக் கொடுக்கிறவள். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அம்மா இதை விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். "ஓ, பெரியவங்களுக்குப் பல்லு வெளக்கி உடற வேலையா?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டார். அதற்குப் பிறகு அம்மா சுருக்கமாக "ஆஸ்பத்திரி உத்தியோகம்" என்று நிறுத்திக்கொண்டாள்.

இப்போது எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். வாய்க்குள் ஒரு கோலை நுழைத்தால் ஈறு கலர் கலராகத் திரையில் தெரியுமாம். எங்கே எவ்வளவு வீக்கம், மருந்து கேட்கிறதா இல்லையா என்பதை அதுவே சொல்லிவிடுமாம். அங்கே படிக்கிற ஒரு டாக்டர் பெண் போன் செய்து, "மேடம், இதெல்லாம் இல்லாதப்ப ட்ரீட்மென்ட் ரெஸ்பான்ஸை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நம்ம ஆண்டு மலர்ல தமிழ்ப் பக்கம் காலியா இருக்கு, எழுதிக் குடுங்களேன்" என்றாள். ஒரு பக்கம் போதுமாம். நான் ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிளாஸ்டர் தாடைகளைச் சுரண்டினோம். பிறகு ஒருவர் வாயை ஒருவர் சுரண்டினோம். ஹாஸ்டல் சாப்பாடு மோசம் என்பதால் சுரண்ட அதிகம் எதுவும் கிடைக்கவில்லை. வேலையை உண்மையில் கற்றுக்கொண்டது டாக்டர் ஸ்ரீகண்டய்யாவிடம்தான்.

அவர் எங்கள் பிரிவின் தலைவர். மைசூர்ப் பக்கத்து மனிதர், பெங்களூரில் இத்தனை வருடம் இருந்ததில் தமிழும் பேசுவார். அவர் பேசும் தமிழில் கன்னடம் பாதிக்கு மேல் இருக்கும். நோயாளியின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. வாயைத் திறந்ததும் ஈறைப் பார்த்து, "ஏனம்மா, ஹேகிதியா?" என்று நலம் விசாரிப்பார். தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து நோயாளி பதில் சொல்ல முயன்றால், "நீங்க சும்மா இரிரி" என்று அடக்குவார். சிரிக்க மாட்டார். சிரிப்பு வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே எவ்வளவு ஆழமாகப் பள்ளம் விழுந்திருக்கிறது என்று பார்க்க, கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பி உண்டு. அதை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கு அவர் வைத்த பரீட்சை இது: உன் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் கம்பி நுனியை வைத்து அழுத்து. நகம் லேசாக வெளுக்கலாம், வலிக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பஸ் ஸ்டாப்பில்கூட நகத்தை அழுத்திப் பழகிக்கொண்டிருப்பேன்.

நோயாளி பயப்படக் கூடாது என்பதற்காக அவர் ஒரு ரகசிய பாஷையும் வைத்திருந்தார். சீழ், எலும்புத் தேய்மானம் என்றெல்லாம் ஆளை வைத்துக்கொண்டு சொல்ல மாட்டார். நல்ல கெட்டியான ஈறு இட்லி. வீங்கின ஈறு பூரி. தொட்டதும் ரத்தம் வந்தால் கெம்பு சட்னி, அதாவது சிவப்புச் சட்னி. சீழ் இருந்தால் பாயசம். ஒரு பக்கம் நல்லதும் ஒரு பக்கம் மோசமுமாக இருந்தால், உப்புமாவும் கேசரியும் ஒரே தட்டில் வருமே, அந்த சௌசௌ பாத். அவர் கம்பியை வைத்துக்கொண்டே, "பூரி, பூரி, கெம்பு சட்னி, ஒந்து பாயசம்" என்று முணுமுணுப்பார், நான் எழுதிக்கொள்வேன். ஒருமுறை நாற்காலியில் இருந்த பெரியவர் பதறிப்போய் வாயை மூடிக்கொண்டார். "சார், எனக்கு சுகர் இருக்கு, பாயசம் வேணாம்!" என்றார். அன்று டாக்டர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

இனி ஏகாம்பரத்தின் கதை.

பெங்களூரிலேயே ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்தவர். கல்யாண ஊர்வலங்களில் வாசிக்கும் பேண்ட் செட்டில் டிரம்பெட். டிரம்பெட்டை எங்கேயும் விட்டுவிட்டு வர மனம் வராமல், பெட்டியோடு தூக்கிக்கொண்டு எங்கள் பிரிவுக்கு வந்தார். கூடவே மனைவி சரோஜா. நோய் அவருக்கு, பேச்சு அந்த அம்மாளுக்கு.

"முன்பல்லு ரெண்டும் ஆடுது மேடம். உச்சத்துக்குப் போறச்ச பல்லு உள்ள போவுது, சத்தம் வெளிய போவுது. பேண்ட் ஓனர் எங்கண்ணன்தான். அவன் சொல்லிட்டான், இன்னொரு தபா சுருதி போச்சுன்னா இவரு கையில மராக்கஸைக் குடுத்துடுவேன்னு."

மராக்கஸ் என்பது கையில் பிடித்துக் குலுக்கும் கிலுகிலுப்பை. பேண்டில் டிரம்பெட்காரர் முதல் ஆள். தோளில் ஜிகினா, தலையில் இறகு வைத்த தொப்பி, மாப்பிள்ளைக்கு நேர் முன்னால் நடப்பார். மராக்கஸ்காரர் கடைசி ஆள். விளக்குக்கான ஜெனரேட்டர் வண்டிக்கும் பின்னால், புகையைக் குடித்துக்கொண்டு வருவார். வேறு எதற்கும் லாயக்கில்லாதவரை அங்கே போடுவார்கள். இதைச் சொல்லும்போது ஏகாம்பரத்தின் கண் கலங்கிவிட்டது. அந்தக் கூட்டத்தில் அவரை எல்லாரும் 'டிரம்பெட்டு' என்றுதான் கூப்பிடுவார்களாம். அது போனால் கூப்பிடப் பெயரே இருக்காது என்றார்.

டாக்டர் பார்த்தார். வாய் முழுக்க பூரி. முன்பக்கம் பாயசம்.

இதன் விஷயம் இப்படி. பல்லைச் சரியாக விளக்காவிட்டால் கிருமிகள் பசைபோல ஒட்டிக் குடியேறும், நாள்பட்டால் எச்சிலில் ஊறிக் கல்லாகும். கிருமியை விரட்ட உடம்பு ஆள் அனுப்பும், அந்தச் சண்டைதான் வீக்கம். ஆனால் ரோடு தோண்ட வந்தவர்கள் தண்ணீர்க் குழாயை உடைப்பதுபோல, கிருமியோடு நடக்கிற சண்டையில் பல்லைத் தாங்கும் எலும்பும் கரைந்துபோகும். எலும்பு போனால் பல் ஆடும். கல்லை எடுத்து, கிருமியைக் குறைத்து, ஆள் ஒழுங்காகப் பல் விளக்கினால் வீக்கம் வடியும். அதற்குப் பெயர்தான் ட்ரீட்மென்ட் ரெஸ்பான்ஸ்.

பல தவணைகளில் அவருக்கு ஈறுக்கு மேலும் கீழும் சுத்தம் செய்தேன். வந்த கல்லை வைத்து ஈஜிபுராவில் ஒரு படிக்கட்டு கட்டியிருக்கலாம். சரோஜா வீட்டில் பிரஷ்ஷும் கையுமாக அவர் பின்னால் நின்றார். சில வாரம் கழித்து வந்தபோது பார்த்தால், எனக்கே பெருமையாக இருந்தது. ரத்தம் இல்லை, வீக்கம் வடிந்துவிட்டது, நிறம் திரும்பிவிட்டது. டாக்டர் "இட்லி, இட்லி, இட்லி" என்று கிட்டத்தட்டப் பாடினார்.

ஏகாம்பரம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தார்.

"இட்லி தோசையெல்லாம் அப்பால பேசுங்க. இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க பாருங்க" என்று பெட்டியைத் திறந்து டிரம்பெட்டை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊதினார். கீழே எல்லாம் சரியாக வந்தது. மேலே போனதும் 'உஸ்ஸ்ஸ்' என்று, குக்கர் விசில் வருவதற்கு முன் வருமே, அந்தச் சத்தம். பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் வாயைத் திறந்தபடியே திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சொன்னது உண்மைதான். வீங்கின ஈறு முன்பற்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தது. வீக்கம் வடிந்ததும் ஈறு மேலேறி, பல் நீளமாகி, நடுவில் முக்கோணமாகச் சந்து தெரிந்தது. காற்று அதன் வழியாகப் போனது.

"அய்யா, அது நிம்ம ஈறு அல்ல. அது வியாதி. வியாதி ஹோகிதே, போயிடுச்சு, அதான் ஜாகா தெரியுது" என்றார் டாக்டர்.

"வியாதி இருந்தப்ப நல்லா வாசிச்சேன் சார்!"

டாக்டர் மறுபடி கம்பியை எடுத்து அளந்தார். அந்த இரண்டு முன்பற்களைச் சுற்றி மட்டும் இன்னும் ஆழம் குறையவில்லை, சின்னதாக ஆபரேஷன் செய்து ஈறைத் திறந்து சுத்தம் பண்ணினால்தான் பல் நிற்கும் என்று அவரைச் சம்மதிக்க வைத்தோம். சில நாள் டிரம்பெட்டைத் தொடக் கூடாது என்றும் சத்தியம் வாங்கினோம். ஆபரேஷன் நன்றாக நடந்தது. தையல் போட்டு, அதன்மேல் கட்டு வைத்தோம். வாய்க்குள் துணிக் கட்டு போட முடியாது என்பதால் மாவுபோல ஒன்றைப் பிசைந்து, பல் சந்துகளில் அழுத்தி ஒட்டுவோம். கொஞ்ச நேரத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும். ரோஸ் கலரில் இருக்கும். "இது மேல பிரஷ் போடாதீங்க, அடுத்த வாரம் வந்தா எடுத்துடுவோம்" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஆள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் செய்தால் சரோஜா எடுத்து, "சூப்பரா இருக்காரு மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். குரலில் ஏதோ ஒரு தயக்கம் இருந்தது.

பிறகு ஈஜிபுராவிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் பூ விற்கும் ஒரு அம்மாள். "டிரம்பெட்டுக்கு வெச்சீங்களே புது ஈறு, அதே கலர்ல எனக்கும் வேணும்" என்றார். நான் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன். அடுத்த நாள் அதே பேண்டின் கிளாரினெட்காரர் வந்தார். "எனக்கும் புது ஈறு போட்டுடுங்க மேடம். அந்தளவு ரோஸ் வேணாம், நம்ம கலருக்கு எடுப்பா தெரியும். கொஞ்சம் டார்க்கா இருந்தா பரவால்ல" என்றார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "வசந்தாவரே, நாம போட்ட கட்டை ஏகாம்பரம் புது ஈறுன்னு நினைச்சிருக்கான். இன்னும் எடுக்கலை" என்று என்னிடம் சொன்னார்.

எனக்கும் சிரிப்பு வரவில்லை. உள்ளே தையல் அப்படியே இருக்கும். கட்டின் ஓரமெல்லாம் சோறும் கிருமியும் சேர்ந்து ஊறும். நாங்கள் பாடுபட்டு வடிய வைத்த வீக்கம் திரும்ப ஏறும். அந்த இரண்டு பல்லும் கையோடு வந்துவிடும்.

மதியம் லீவு போட்டு ஈஜிபுராவுக்குப் போனேன். ஏகாம்பரம் வாசலிலேயே நின்று, வாயெல்லாம் ரோஸ் கலராக என்னைப் பார்த்துச் சிரித்தார். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு ஒட்டு.

"அது என்னப்பா?"

"ஒரு மூலை பேத்துக்கிச்சு மேடம். பக்கத்து வூட்டுல பிளம்பர் இருக்காரு. குழா ஒழுவுனா வெப்பாங்களே மாவு, அத்த வெச்சு அடைச்சுக் குடுத்தாரு. கல்லு மாதிரி நிக்குது."

அது ஈறு இல்லை, கட்டு, அதை எடுக்க வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவர் உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கப்புறம் விரல் சந்து வழியாகத்தான் பேசினார்.

"எடுத்தா காத்து போவும் மேடம். இது வெச்சதுக்கு அப்புறம் கல்யாணத்துல வாசிச்சேன். மச்சான் மாப்பிள்ளைக்குப் போட்ட மாலையில ஒண்ண எடுத்து எனக்குப் போட்டான். ஈறோ கட்டோ, சத்தம் வருதுல்ல?"

சரோஜா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சத்தம் வருது மேடம். அதோட வாசமும் வருது. நான் செவுத்தப் பாத்துத்தான் படுக்கறேன். எங்கண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, பொழப்பு போயிடும்" என்றார். பாவம், அவர் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டேதான் பேசினார். எவ்வளவு கெஞ்சியும் ஏகாம்பரம் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல்லில் பெரிய இடத்துக் கல்யாணம், அது முடியட்டும் என்றார்.

டாக்டரிடம் வந்து சொன்னேன். "நடீரி, ஆனேக்கல் ஹோகோணா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் காரில் போனோம். கிருமி நீக்கிய கருவிகளைப் பொட்டலமாகக் கட்டி ஒரு டிபன் கேரியரில் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். நாங்கள் போனபோது ஊர்வலம் கோயிலிலிருந்து கிளம்பிவிட்டது. ஏகாம்பரம் முன்னால் வாசித்துக்கொண்டு நடக்க, டாக்டர் அவருக்கு இணையாகப் பக்கவாட்டில் நடந்து, குனிந்து குனிந்து அவர் வாயைப் பார்த்தார். பெண் வீட்டார் இவரை மாப்பிள்ளையின் பெரியப்பா என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பெரியப்பா என்று நினைத்தார்கள். ஆக ரெண்டு பக்கமும் மரியாதை. யாரோ சந்தனம் பூசினார்கள், யாரோ தலையில் பேட்டா என்கிற மைசூர்த் தலைப்பாகையைக் கட்டிவிட்டார்கள். ஒரு மீசைக்காரர் இடுப்பைப் பிடித்து, "பெரியவரே, ஒரு ஸ்டெப்பு!" என்று சுற்றிவிட்டார். எங்கள் பிரிவின் தலைவர், வெளுத்த சஃபாரி சூட்டில், ஆனேக்கல் நடுத்தெருவில் இரண்டு சுற்றுச் சுற்றி, சுற்றும்போதும் கண்ணை ஏகாம்பரத்தின் வாயிலேயே வைத்திருந்தார்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். பாட்டு உச்சத்துக்கு ஏறியது. ஏகாம்பரம் கன்னம் உப்ப ஒரு தம் கட்டினார். திடீரென்று அவர் கண் பிதுங்கியது, டிரம்பெட் கையோடு இறங்கியது, ஒரே ஒரு இருமல். வாயிலிருந்து ரோஸ் கலரில் ஏதோ ஒன்று பறந்து போய் ஆரத்தித் தட்டில் விழுந்தது.

"பல்லி! பல்லி உழுந்துடுச்சு!" என்று மாப்பிள்ளையின் அத்தை அலறினார்.

தட்டில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று உடனே விவாதம் கிளம்பியது. வலது பக்கமா விழுந்தது, இடது பக்கமா? யாருக்கு வலது? குட்டிப் பல்லியா? ஏன் ரோஸாக இருக்கிறது? பிறந்த குட்டி அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் விளக்கினார். புரோகிதர் கொஞ்சம் யோசித்து, ஐஸ்வரியம் என்று தீர்ப்பு சொன்னார். எல்லாருக்கும் நிம்மதி. அந்த நேரத்தில் பேட்டா கட்டிய எங்கள் டாக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், "ஷமிஸி, மன்னிக்கணும், இது நம்ம ஆஸ்பத்திரி சாமான்" என்று கைக்குட்டையில் அதை எடுத்துக்கொண்டார். ஐஸ்வரியத்தை எடுத்துக்கொண்டு போகிறாரே என்று இரண்டு வீட்டாரும் அவரை முறைத்தார்கள்.

நானும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு பேண்ட் பக்கம் திரும்பினேன். பாட்டு நிற்கக் கூடாது என்பதற்காக ஏகாம்பரம் மறுபடி ஊதப் பார்த்தார். உஸ்ஸ்ஸ். இன்னொரு முறை. உஸ்ஸ்ஸ். பேண்ட் ஓனரான அவருடைய மச்சான் குப்புராஜ் நேராக அவரிடம் வந்தார். கையிலிருந்த டிரம்பெட்டை வாங்கி கிளாரினெட்காரரிடம் கொடுத்து வைத்தார். பின்னாலிருந்து மராக்கஸை வரவழைத்து ஏகாம்பரத்தின் கையில் வைத்தார். அவர் இறகு வைத்த தொப்பியோடேயே பின்னால் நடந்து போய், ஜெனரேட்டர் புகைக்குள் நின்று குலுக்கினார். தாளம்கூடச் சேரவில்லை. எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், கை கழுவும் குழாயடியில் அவரை உட்காரவைத்து டாக்டர் வாயைப் பார்த்தார். நான் போன் விளக்கைப் பிடித்தேன். பூரி, கெம்பு சட்னி, பாயசம், எல்லாம் திரும்ப வந்திருந்தது. தையல் நூலை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, மருந்து நீரால் கழுவினார். இனிமேல் எதையும் வைத்து அங்கே அடைக்கக் கூடாது, அடைத்தால் பல் நிற்காது என்றார்.

ஏகாம்பரம் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "பல்லைக் காப்பாத்தி இன்னா சார் பண்ணட்டும்? வாசிக்க முடியாத பல்லு எனக்கு எதுக்கு?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் பேட்டாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் இத்தனை மாதமும் வீக்கத்தை, ரத்தத்தை, ஆழத்தைப் பார்த்தோம். ஏகாம்பரம் வந்து கேட்டது சத்தத்தை. அதை நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்று எனக்கு உறைத்தது. டாக்டருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"ஏகாம்பரம், நான் உங்களுக்கு நெஜமாவே ஈறு செஞ்சு கொடுக்கறேன். ரோஸ் பிளாஸ்டிக், காகிதம் மாதிரி மெல்லிசா. வாசிக்கும்போது மாட்டணும், ஆமேல கழட்டிக் கழுவணும். ஈறு இறங்கினவங்களுக்கு அழகுக்குன்னு செய்யறதுதான். டிரம்பெட்டுக்குச் செஞ்சது நான் நோடில்ல, பாத்ததே இல்ல. ஆனா ஒரு கண்டிஷன். மொதல்ல உங்க சொந்த ஈறு சரியாகணும். ஒரு சொட்டு ரத்தம் இருந்தாலும் நான் செய்யல்ல."

"எத்தினி நாளாவும் சார்?"

"அது என் கையில இல்ல. உங்க பிரஷ்ஷுல இருக்கு."

அந்த சீசன் முழுக்க ஏகாம்பரம் மராக்கஸ் குலுக்கினார். குலுக்காத நேரமெல்லாம் பல் விளக்கினார். பல் சந்தில் நுழைக்க பாட்டில் கழுவும் பிரஷ்ஷை எறும்பு சைஸில் செய்ததுபோல ஒரு சின்ன பிரஷ் உண்டு. அதைச் சட்டைப் பையில் பேனா மாதிரி குத்திக்கொண்டு திரிந்தார். ஊர்வலத்துக்கு நடுவே ஜெனரேட்டர் மறைவில் நின்று விளக்கினதாகவும் கேள்வி. சரோஜா இந்தப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்துவிட்டதாக எனக்கு போனில் சேதி சொன்னார். கருவி எதுவும் இல்லாமல் கிடைத்த நல்ல ரெஸ்பான்ஸ் ரிப்போர்ட் அதுதான்.

டாக்டர் கம்பியை வைத்துப் பார்த்தபோது ரத்தம் வரவில்லை. ஆழம் நன்றாகக் குறைந்திருந்தது. ஆடின பற்களைப் பின்பக்கமாக மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினோம். பிறகு பல் கட்டும் பிரிவில் அளவெடுத்து, ரோஸ் ஈறு தயாரானது. முதலில் செய்தது விசிலடித்தது. அடுத்தது போட்டுக்கொண்டு 'ப' சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் நனைந்தது. இன்னொன்று, ஊதின வேகத்தில் துப்பும் தொட்டியில் போய் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் டிரம்பெட்டை எடுத்து ஊத, மாடியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஆள் அனுப்பித் திட்டினார்கள். கடைசியில் ஒன்று உட்கார்ந்தது.

குப்புராஜ் லேசில் மசியவில்லை. கோலாரிலிருந்து ஒரு டிரம்பெட்காரரைப் பேசி வைத்துவிட்டாராம். சரோஜா அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்து அழுததில், ஆஸ்டின் டவுனில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு மட்டும் தருகிறேன் என்றார். "ஒரே சான்ஸு. நடுவுல காத்து போச்சுன்னா மராக்கஸ்தான், சாவற வரைக்கும்."

சாயங்காலம் எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெருவில் ஊர்வலம். நானும் சரோஜாவும் ஓரமாக நின்றோம். டாக்டரும் வந்திருந்தார். ஏகாம்பரம் இறகுத் தொப்பியோடு முன்னால் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. டிரம்பெட்டை வாயில் வைத்ததும், டாக்டர் திடீரென்று ரோட்டுக்கு இறங்கி அவருக்கு நேர் எதிரே போய் நின்றார். இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டார். ஈறு விழுந்தால் தரையில் படாமல் பிடிக்க வேண்டும் என்று அவருக்குக் கவலை.

பேண்ட் நகர்ந்தது. டாக்டர் ஏந்திய கையோடு பின்னோக்கி நடந்தார். குழி வந்தால் கால் தடுக்கும், சமாளித்துக்கொள்வார், கையை மட்டும் விலக்க மாட்டார். ஆடுகிறார் என்று நினைத்து ஜனங்கள் விசிலடித்தார்கள். யாரோ அவர் உள்ளங்கையில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்தார்கள். இன்னொருவர் பூ வைத்தார். அவர் எதையும் பார்க்கவில்லை.

பாட்டு மேலே ஏற ஆரம்பித்தது. சரோஜா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். குப்புராஜ் நடையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். உஸ் என்று வரப்போகிறது என்று நானும் மூடிக்கொண்டேன்.

வரவில்லை. சத்தம் நேராகப் போனது, இன்னும் மேலே போனது, அங்கேயே நிலைத்து நின்றது. மாடிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். குப்புராஜ் திரும்பிக் கையிலிருந்த கோலை உயர்த்தி, பேண்டை வேகமாக நடக்கவிட்டார். சரோஜா அழுதார். நானும் அழுதேன், வெட்கப்பட என்ன இருக்கிறது.

மண்டப வாசலில் பாட்டு முடிந்தது. ஏகாம்பரம் டிரம்பெட்டை இறக்கி, நாக்கால் ஒருமுறை மேலே தடவிப் பார்த்துக்கொண்டார். எதிரில் டாக்டர் வியர்த்து வழிய, நோட்டும் பூவுமாக இன்னும் கையை ஏந்திக்கொண்டே நின்றார்.

"கைய எறக்குங்க சார்" என்றார் ஏகாம்பரம். "அது உழாது."